பெர்ஃபோர்ஸில் ஒர்க்ஸ்பேஸ் அமைப்பதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு மென்பொருள் நிறுவனங்களிலும் சிப் வடிவமைப்புக் குழுக்களிலும் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் கிட் பழகியவர்களாகவே வருகிறார்கள். அங்கே முதல் நாளிலேயே பெர்ஃபோர்ஸ் என்ற வேறொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் அவர்கள் முன் வந்து நிற்கிறது. கட்டளைகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒர்க்ஸ்பேஸ் என்ற ஒன்று மட்டும் மாதக்கணக்கில் பிடிபடாமல் தொல்லை தருகிறது. சேவையகப் பராமரிப்பில் இருந்த ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்புக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். ‘எஃப் தெரிவு’ என்று எழுதியிருந்தால் சிறுகோடிட்டு அந்த எழுத்தைச் சேர்ப்பது என்று பொருள்; ‘பெரிய’ என்று முன்னால் இருந்தால் அது ஆங்கிலப் பேரெழுத்து. ஒர்க்ஸ்பேஸ் என்பதைப் ‘பணியிடம்’ என்று மொழிபெயர்த்தால் நாளிதழில் வரும் காலிப் பணியிட அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே திரையில் தெரியும் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

ஒர்க்ஸ்பேஸ் என்பது என் கணினியில் உள்ள கோப்புறைதானே?

பாதிதான் சரி. கணினியில் உள்ள கோப்புறை ஒரு பாதி. சேவையகத்தில் உங்கள் பெயரில் இருக்கும் பதிவு மறு பாதி. அந்தப் பதிவில் ஒர்க்ஸ்பேஸின் பெயர், அது எந்தக் கணினியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, டிப்போவின் (சேவையகத்தில் குழுவின் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) எந்தப் பகுதிகள் அதில் வர வேண்டும் ஆகிய விவரங்கள் இருக்கும். இவற்றோடு, எந்தக் கோப்பின் எத்தனையாவது திருத்தம் இப்போது உங்களிடம் இருக்கிறது என்ற பட்டியலையும் சேவையகம் தானே வைத்திருக்கிறது. இதற்கு ஹேவ் பட்டியல் என்று பெயர். ‘பி4 ஹேவ்’ என்ற கட்டளை அதைக் காட்டும்.

நூலகத்தின் இரவல் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துச் சென்ற நூலை வீட்டில் எலி கடித்துவிட்டாலும், பதிவேட்டைப் பொறுத்தவரை நூல் உங்களிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது. பெர்ஃபோர்ஸும் அப்படியே உங்கள் வட்டை எட்டிப் பார்ப்பதில்லை. தன் பதிவேட்டை நம்புகிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, பதிவேடு சொல்வதும் வட்டில் இருப்பதும் வேறுபட்டுப்போவதால் பிறப்பவை. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்ற விடைகளைப் பாதி ஊகித்துவிட முடியும்.

கிட்டில் இந்தப் பிரச்சினை எழாததற்குக் காரணம், அங்கே பதிவேடும் உங்கள் கணினியிலேயே, களஞ்சியத்துக்குள்ளேயே இருப்பதுதான். மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வரிலும் தொடக்கத்தில் சேவையகத்தை நம்பும் ஒர்க்ஸ்பேஸ் மட்டுமே இருந்தது. 2012 பதிப்பில்தான் உள்ளூர் ஒர்க்ஸ்பேஸ் என்ற வகை வந்தது. ஆகவே இந்த அமைப்பு முறை பெர்ஃபோர்ஸின் தனி விசித்திரம் அன்று.

ஒர்க்ஸ்பேஸ் என்கிறீர்கள், கட்டளையோ ‘பி4 கிளையன்ட்’ என்று இருக்கிறதே?

1995இல் கிறிஸ்டோஃபர் சைவால்ட் பெர்ஃபோர்ஸைத் தொடங்கிய காலத்துப் பெயர் அது. கிளையன்ட், கிளையன்ட் ஒர்க்ஸ்பேஸ், ஒர்க்ஸ்பேஸ் ஆகிய மூன்றும் ஒன்றே. ‘கிளையன்ட் அன்னோன்’ என்ற பிழைச்செய்தி வந்தால், வாடிக்கையாளர் யாரையும் தேட வேண்டாம். அந்தப் பெயரில் ஒர்க்ஸ்பேஸ் இல்லை என்றுதான் அது சொல்கிறது.

முதல் ஒர்க்ஸ்பேஸை எப்படி உருவாக்குவது?

முதலில் சேவையகத்தின் முகவரியை பி4போர்ட் என்ற சூழல் மாறியில் இட வேண்டும். துறை எண் வேறாகச் சொல்லப்படாதவரை 1666 என்று கொள்ளலாம். பிறகு ‘பி4 லாகின்’ செய்து உள்ளே நுழைந்து, ‘பி4 கிளையன்ட்’ என்ற கட்டளையுடன் ஒரு பெயரையும் கொடுத்தால், நிரப்ப வேண்டிய படிவம் உரைதிருத்தியில் திறக்கும். அதைச் சேமித்து மூடினால் ஒர்க்ஸ்பேஸ் உருவாகிவிடும். பி4வி என்ற வரைகலைச் செயலியிலும் இதே படிவந்தான். சட்டம் போட்டு அழகாகத் தெரியும், அவ்வளவே.

அவசரப்பட்டு உடனே, கோப்புகளை டிப்போவிலிருந்து வட்டில் இறக்கும் ‘பி4 சிங்க்’ கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள் என்பது என் முதல் எச்சரிக்கை. டிப்போவின் எந்தப் பகுதிகள் வர வேண்டும் என்று சொல்லும் வியூ என்ற பகுதியைப் படிவத்தில் தொடாமல் விட்டால், உங்களுக்கு அனுமதியுள்ள டிப்போக்கள் அனைத்தும் முழுவதுமாக வந்து சேரும்படிதான் அது இயல்பாக நிரப்பப்பட்டிருக்கும். ஒரு விளையாட்டுத் திட்டத்தின் டிப்போ பல நூறு ஜிகாபைட் இருக்கக்கூடும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மடிக்கணினியில் சிங்க்கைத் தொடங்கிவிட்டு உணவருந்தச் சென்று, திரும்பி வந்தபோது வட்டு நிரம்பிக் கிடந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். சிங்க் கட்டளையோடு ‘என்’ என்ற ஆங்கில எழுத்துத் தெரிவைச் சேர்த்தால் எதுவும் இறங்காது. என்னென்ன இறங்கும் என்ற பட்டியல் மட்டும் வரும். பெரிய என் தெரிவைச் சேர்த்தால் எத்தனை கோப்புகள், எத்தனை பைட் என்ற மொத்தக் கணக்கை மட்டும் தரும். முதல் நாளில் பெரிய என் தான் உங்கள் நண்பன்.

உங்கள் குழுவில் ஏற்கெனவே ஒழுங்காக அமைக்கப்பட்ட மாதிரி ஒர்க்ஸ்பேஸ் இருந்தால், ‘பி4 கிளையன்ட்’ கட்டளையில், டெம்ப்ளேட் என்ற சொல்லின் முதலெழுத்தான டி தெரிவுடன் அதன் பெயரைக் கொடுத்து, அதன் வியூவையும் தெரிவுகளையும் அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

ஒர்க்ஸ்பேஸுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

பெயர் சேவையகம் முழுவதிலும் வேறெதற்கும் இல்லாததாகத் தனித்திருக்க வேண்டும். எதையும் சொல்லாவிட்டால் கணினியின் பெயரையே பெர்ஃபோர்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஒர்க்ஸ்பேஸ் தேவைப்படும் நாளில் அது குழப்பும். பயனர் பெயர், கணினி, திட்டம் என்ற வரிசையில் ‘கவிதா-மடி-மெயின்’ என்பது போல வைப்பது நல்லது. ‘டெஸ்ட்’, ‘நியூ2’, ‘டெம்ப்’ போன்ற பெயர்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இது யாருடையது, அழிக்கலாமா என்று நிர்வாகியைத் தலையைச் சொறிய வைக்கும்.

ரூட் கோப்புறையை எங்கே வைப்பது?

ரூட் என்பது ஒர்க்ஸ்பேஸின் கோப்புகள் இறங்கும் மேல்நிலைக் கோப்புறை. அதைப் போதிய இடமுள்ள வட்டில், வட்டின் மேலடுக்குக்கு அருகில், குறுகிய பெயரில் வையுங்கள். விண்டோஸில் 260 எழுத்துகளுக்கு மேற்பட்ட பாதைகளைக் கையாள முடியாத கருவிகள் இன்றும் உள்ளன. அன்ரியல் விளையாட்டு எஞ்சினில் அமையும் பெரிய திட்டங்கள் போன்றவற்றில் உள்ளடுக்குக் கோப்புறைகளே அந்த நீளத்தில் பாதியைத் தின்றுவிடும். ஆகவே ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்பதற்குள் ஐந்து அடுக்கு ஆழத்தில் ரூட் வைப்பது பின்னால் வலியைத் தரும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் தடுமாறும் பழைய பில்டு ஸ்கிரிப்ட்களும் உண்டு.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை கண்காணிக்கும் கோப்புறைக்குள் ரூட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரே கோப்பை இரண்டு அமைப்புகள் தத்தம் பதிவேட்டின்படி இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் வேலை கிழியும். ஒரே ரூட்டை இரண்டு ஒர்க்ஸ்பேஸ்கள் பகிர்வதும் இதே வகைத் தவறுதான். பெர்ஃபோர்ஸ் அதைத் தடுக்காது. ஆனால் ஓர் ஒர்க்ஸ்பேஸ் வழியாக இறக்கிய கோப்பை மற்றொன்று அறியாது. ஒன்றின் சிங்க் மற்றொன்றின் கோப்புகளை மாற்றியிருக்கும். இரண்டு பதிவேடுகளும் பொய் சொல்லத் தொடங்கும்.

பின்னொரு நாளில் ரூட்டை மாற்ற நேர்ந்தால், படிவத்தில் பாதையை மாற்றுவது மட்டும் கோப்புகளை நகர்த்தாது என்பதை நினைவில் வையுங்கள். கோப்புறையை நீங்களே நகர்த்திவிட்டு, பிறகு படிவத்தில் புதிய பாதையை எழுத வேண்டும். ஹேவ் பட்டியல் பாதையைப் பொறுத்ததன்று என்பதால், மீண்டும் எதையும் இறக்க வேண்டியதில்லை.

வியூவில் வரிகளை எப்படி எழுதுவது? அது ஏன் இவ்வளவு குழப்புகிறது?

ஒவ்வொரு வரியிலும் இரண்டு பகுதிகள் உண்டு: இடப்பக்கம் டிப்போவின் பாதை, வலப்பக்கம் ஒர்க்ஸ்பேஸின் பெயரில் தொடங்கும் பாதை. ஓர் எடுத்துக்காட்டு:

//டிப்போ/கேம்/மெயின்/... //கவிதா-மடி-மெயின்/மெயின்/...
-//டிப்போ/கேம்/மெயின்/வீடியோ/... //கவிதா-மடி-மெயின்/மெயின்/வீடியோ/...

மூன்று புள்ளிகள் அந்தக் கோப்புறையையும் அதன் கீழுள்ள எல்லா அடுக்குகளையும் குறிக்கும். நட்சத்திரக் குறி ஒரே அடுக்கை மட்டும் குறிக்கும். முன்னால் கழித்தல் குறி இட்ட வரி விலக்குவதற்கு. மேலேயுள்ள இரண்டு வரிகளின் பொருள்: மெயின் முழுவதும் வேண்டும், அதிலுள்ள வீடியோ மட்டும் வேண்டாம்.

குழப்பம் வரிசையில் இருக்கிறது. இரண்டு வரிகள் ஒரே கோப்பைத் தொட்டால் கீழே இருக்கும் வரியே செல்லும். மேலுள்ள எடுத்துக்காட்டில் இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டால், விலக்கிய வீடியோவைக் கீழ்வரி மீண்டும் உள்ளே இழுத்துவிடும். பொதுவானதை மேலேயும் விதிவிலக்கைக் கீழேயும் எழுத வேண்டும் என்பது இதனால்தான். சந்தேகம் வந்தால் ‘பி4 வேர்’ கட்டளைக்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுங்கள். அது டிப்போவில் எங்கே, ஒர்க்ஸ்பேஸில் எங்கே, வட்டில் எங்கே என்று மூன்றையும் சொல்லிவிடும். வியூவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

கூட்டல் குறியிட்ட வரி ஒன்றும் உண்டு. இரண்டு டிப்போ பாதைகளை ஒரே உள்ளூர்க் கோப்புறையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க அது பயன்படும். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதபடி அது செய்துவிடும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடுவது நல்லது.

வியூவை மாற்றினேன், எதுவும் நடக்கவில்லையே?

நடக்காது. வியூவை மாற்றுவது சேவையகத்தின் பதிவை மட்டும் மாற்றுகிறது. அடுத்த ‘பி4 சிங்க்’ தான் அதை வட்டில் நிறைவேற்றும். அந்தச் சிங்க், புதிதாகச் சேர்த்தவற்றை இறக்குவதோடு, நீங்கள் நீக்கிய பகுதிகளை வட்டிலிருந்து அகற்றவும் செய்யும். ஆகவே வியூவிலிருந்து ஒரு வரியை எடுப்பதற்கு முன்னால், அந்தப் பகுதியில் திறந்து வைத்த கோப்புகள் இருக்கின்றனவா என்று ‘பி4 ஓப்பண்ட்’ கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் உள்ள தெரிவுகளில் எவற்றை மாற்ற வேண்டும்?

பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் மாற்றத் தூண்டும் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆல்ரைட் என்பது கிட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதல் சபலம். பெர்ஃபோர்ஸ் இறக்கும் கோப்புகள் இயல்பாகப் படிக்க மட்டுமே உரியவை. ‘பி4 எடிட்’ கொடுத்த பிறகுதான் எழுத முடியும். இந்தச் சிறு தொந்தரவைத் தவிர்க்க ஆல்ரைட்டை இயக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தொந்தரவுக்கு ஒரு காரணம் இருக்கிறது: எடிட் கொடுக்கும் கணத்தில்தான் நீங்கள் அந்தக் கோப்பில் வேலை செய்வதைச் சேவையகம் அறிகிறது, மற்றவர்களுக்கும் காட்டுகிறது. ஒன்றிணைக்க முடியாத ஓவிய, ஒலிக் கோப்புகளுக்கு ஒருவர் மட்டுமே திறக்கலாம் என்ற பூட்டுடன் கூடிய கோப்புவகை வைத்திருக்கும் குழுவில், ஆல்ரைட்டை இயக்கிய ஓவியர் பூட்டை வாங்காமலேயே இரண்டு நாள் வேலை செய்துவிட்டு, சப்மிட் செய்யும்போதுதான் (மாற்றங்களை டிப்போவுக்கு அனுப்பும்போதுதான்) அதே கோப்பை வேறொருவர் பூட்டி வைத்திருப்பதை அறிவார். நிரல் மட்டும் எழுதுபவர் இயக்கிக்கொள்ளட்டும். ஓவியர்கள் வேண்டாம் என்பது என் கருத்து.

கிளாபர் அதைவிட ஆபத்தானது. திறக்காமலேயே நீங்கள் எழுதக்கூடியதாக மாற்றிய கோப்பை, சிங்க் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மேலெழுத இது அனுமதிக்கிறது. இயல்பான நோகிளாபர் நிலையில் ‘கேன்ட் கிளாபர் ரைட்டபிள் ஃபைல்’ என்ற செய்தி வந்து சிங்க் அந்தக் கோப்பைத் தொடாமல் விடும். அந்தச் செய்தி எரிச்சலூட்டும் என்பதற்காகக் கிளாபரை இயக்குவது, புகை எச்சரிக்கை மணி கத்துகிறது என்று அதன் மின்கலத்தைக் கழற்றுவது போன்றது. ஆல்ரைட்டும் நோகிளாபரும் சேர்ந்திருந்தால், சிங்க் மேலெழுதும் முன்னால் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் விட்டுவிடும். ஆகவே முதலாவதை இயக்கியே தீர வேண்டுமென்றால் இரண்டாவதையாவது அப்படியே வைத்திருங்கள்.

நோமாட்டைம் நிலையில் கோப்பின் தேதி, அது உங்கள் கணினியில் இறங்கிய நேரமாக இருக்கும். தேதியை ஒப்பிட்டு எதை மீண்டும் கம்பைல் செய்வது என்று முடிவெடுக்கும் மேக் போன்ற பில்டு கருவிகளுக்கு அதுவே சரி. ஆர்எம்டிர் என்பதை இயக்கினால், சிங்க் காலியாக்கிய கோப்புறைகள் தாமே நீங்கும். இதை இயக்குவதில் பெரிதாக இழப்பில்லை.

தெரிவுகளோடு சேராத தனிப் புலம் லைன்எண்ட். அதை ‘லோக்கல்’ என்றே விடுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே வட்டைப் பகிர்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் ‘ஷேர்’ பொருந்தும்.

ஹோஸ்ட் புலத்தை அழித்துவிடலாமா?

ஒர்க்ஸ்பேஸ் எந்தக் கணினிக்கு உரியது என்று குறிக்கும் புலம் அது. அழித்தால் அந்த ஒர்க்ஸ்பேஸை எந்தக் கணினியிலிருந்தும் பயன்படுத்த முடியும். அது வசதி போலத் தோன்றும். ஆனால் இரண்டாவது கணினியில் நீங்கள் கொடுக்கும் சிங்க், முதல் கணினியின் வட்டில் உள்ளதைப் பற்றிய பதிவேட்டை மாற்றிவிடும். கணினிக்கு ஓர் ஒர்க்ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் பெயர் அடிக்கடி மாறும் மெய்நிகர் இயந்திரங்களில் மட்டும் ஹோஸ்டைக் காலியாக விடலாம்.

வேறொருவர் என் ஒர்க்ஸ்பேஸைப் பயன்படுத்த முடியுமா?

படிவத்தில் உங்கள் பெயர் உரிமையாளராக இருப்பது மட்டும் யாரையும் தடுக்காது. தெரிவுகளில் ‘லாக்ட்’ என்று மாற்றினால்தான் உரிமையாளர் தவிர மற்றவர்கள் பயன்படுத்தவோ திருத்தவோ முடியாது.

கணினியில் இரண்டு மூன்று ஒர்க்ஸ்பேஸ்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். பி4கான்ஃபிக் என்ற மாறியில் ஒரு கோப்புப் பெயரை வையுங்கள். புள்ளியில் தொடங்கும் ‘.பி4கான்ஃபிக்’ என்பது வழக்கமான பெயர். பிறகு ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸின் ரூட்டிலும் அந்தப் பெயரில் ஓர் உரைக்கோப்பு வைத்து, அதில் பி4கிளையன்ட், சமக்குறி, ஒர்க்ஸ்பேஸின் பெயர் என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டளை எந்தக் கோப்புறையில் கொடுக்கப்படுகிறதோ அங்கிருந்து மேல்நோக்கித் தேடி, கிடைக்கும் முதல் கோப்பை பெர்ஃபோர்ஸ் எடுத்துக்கொள்ளும். கோப்புறை மாறினாலே ஒர்க்ஸ்பேஸும் மாறிவிடும்.

பல ஒர்க்ஸ்பேஸ்காரர்களின் மிகப் பொதுவான பிழைச்செய்தி ‘பாத் இஸ் நாட் அண்டர் கிளையன்ட்ஸ் ரூட்’ என்பது. நீங்கள் நிற்கும் கோப்புறை ஒன்று, பெர்ஃபோர்ஸ் நினைத்துக்கொண்டிருக்கும் ஒர்க்ஸ்பேஸ் வேறொன்று என்று அதற்குப் பொருள். ‘பி4 இன்ஃபோ’ கொடுத்து இப்போது எந்த ஒர்க்ஸ்பேஸ், எந்த ரூட் என்று பாருங்கள். பத்தில் ஒன்பது முறை பி4கான்ஃபிக் கோப்பு இல்லாதது அல்லது அதில் எழுத்துப்பிழை இருப்பதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டேன். சிங்க் கொடுத்தால் ‘ஃபைல்ஸ் அப் டு டேட்’ என்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. முதல் விடைக்குத் திரும்புங்கள்: நீங்கள் அழித்தது வட்டில், பதிவேட்டில் கோப்புகள் உங்களிடம் இருப்பதாகவே உள்ளது, இருப்பதை எதற்காக மீண்டும் அனுப்ப வேண்டும் என்று சேவையகம் எண்ணுகிறது. அந்தக் கோப்புறைக்கு மட்டும் எஃப் தெரிவுடன் சிங்க் கொடுத்தால், பதிவேட்டைப் பொருட்படுத்தாமல் மீண்டும் இறக்கும். ஒர்க்ஸ்பேஸ் முழுவதற்கும் எஃப் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பல நூறு ஜிகாபைட்டைச் சேவையகத்திலிருந்து மறுபடியும் இழுப்பதால் அலுவலகம் முழுவதும் மெதுவாகும். மேலும் அது நோகிளாபரின் பாதுகாப்பையும் மதிக்காது.

வட்டையும் பதிவேட்டையும் மீண்டும் ஒத்துப்போகச் செய்வது எப்படி?

இரண்டில் எது உண்மை என்பதை முதலில் நீங்கள் தீர்மானிக்க வேண்டும். கட்டளை அதைப் பொறுத்தது.

வட்டில் உள்ளதே சரி, அதாவது இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து நீங்கள் மாற்றியவற்றைச் சேவையகத்துக்குச் சொல்ல வேண்டும் என்றால், ‘பி4 ரெக்கன்சைல்’. வட்டை ஹேவ் பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியவற்றை எடிட் ஆகவும், புதியவற்றை ஆட் ஆகவும், காணாதவற்றை டெலீட் ஆகவும் அது திறந்து வைக்கும். சப்மிட் செய்யும்வரை எதுவும் டிப்போவுக்குப் போகாது.

பதிவேட்டில் உள்ளதே சரி, வட்டில் நேர்ந்த குளறுபடிகள் போகட்டும் என்றால், ‘பி4 கிளீன்’. 2014இல் வந்த இந்தக் கட்டளை ரெக்கன்சைலின் தலைகீழ் வடிவம்: மாறியவற்றைப் பழையபடி ஆக்கும், காணாதவற்றை இறக்கும், டிப்போ அறியாத கோப்புகளை அழித்துவிடும். அந்தக் கடைசிப் பகுதியில்தான் ஆட்கள் அழுதிருக்கிறார்கள். இரண்டு நாளாக எழுதி, இன்னும் ஆட் கொடுக்காமல் வைத்திருந்த புதிய கோப்புகளைக் கிளீன் குப்பை என்றே கருதும். அவை மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாது. ‘என்’ தெரிவுடன் ஒரு முன்னோட்டம் பார்க்காமல் கிளீன் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். வட்டில் எல்லாம் இருக்கிறது, பதிவேடு காலியாக இருக்கிறது. அப்போது சிங்க் கட்டளையோடு கே தெரிவைச் சேர்த்தால், எதையும் இறக்காமல் பதிவேட்டை மட்டும் நிரப்பும். மெதுவான இணைப்பில் புதிய கணினியை அமைக்கும்போது இது நாள் கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். தவறாகக் கையாண்டால் எப்படிக் கெடுக்கும் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

ரெக்கன்சைல் கொடுத்தால் பில்டு கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றனவே?

பி4இக்னோர் என்ற மாறியில் ஒரு கோப்புப் பெயரை அமைத்து, அந்தக் கோப்பில் ஒதுக்க வேண்டியவற்றை எழுதுங்கள். எழுதும் முறை கிட்டின் இக்னோர் கோப்பைப் பெரிதும் ஒத்தது. அன்ரியல் திட்டமென்றால் இன்டர்மீடியட், சேவ்ட், டிரைவ்டுடேட்டாகேஷ் ஆகிய கோப்புறைகள்; யூனிட்டி என்றால் லைப்ரரி, டெம்ப். இக்னோர் கோப்பையே டிப்போவில் சேர்த்துவிட்டால் குழு முழுவதற்கும் ஒரே பட்டியல் கிடைக்கும். ஏற்கெனவே டிப்போவில் நுழைந்துவிட்ட கோப்பை இது ஒதுக்காது. அதை முதலில் டெலீட் செய்து சப்மிட் செய்ய வேண்டும்.

ஸ்ட்ரீம் பயன்படுத்தினால் வியூ எழுத வேண்டாமாமே?

ஆம். ஸ்ட்ரீம் என்பது தனக்கான வரையறையோடு வரும் கிளை. 2011இல் வந்த இந்த முறையில், வியூவை ஸ்ட்ரீமின் வரையறையிலிருந்து சேவையகமே உருவாக்கும். நீங்கள் கையால் திருத்த முடியாது. ‘பி4 ஸ்விட்ச்’ கொடுத்து ஒரே ஒர்க்ஸ்பேஸை ஒரு ஸ்ட்ரீமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். இரண்டுக்கும் இடையே வேறுபடும் கோப்புகள் மட்டுமே இறங்கும் என்பதால், கிளைக்கு ஓர் ஒர்க்ஸ்பேஸ் என்று வட்டை நிரப்பத் தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் குழு ஸ்ட்ரீமோடு தொடங்குவதே நல்லது. ஆளுக்கொரு வியூ எழுதிக்கொண்டிருக்கும் குழுவில், என் கணினியில் பில்டு ஆகிறது, உன் கணினியில் ஏன் ஆகவில்லை என்ற வாக்குவாதத்துக்கு முடிவே இராது.

பில்டு இயந்திரங்களுக்கான ஒர்க்ஸ்பேஸை எப்படி அமைப்பது?

இது நிர்வாகிகளுக்கான கேள்வி. எல்லா ஒர்க்ஸ்பேஸ்களின் ஹேவ் பட்டியல்களும் இயல்பாகச் சேவையகத்தின் ஒரே அட்டவணையில் சேர்கின்றன. 200 பேர், ஆளுக்கு 3 ஒர்க்ஸ்பேஸ், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் கோப்புகள் என்று வைத்துக்கொண்டால் 30 கோடி வரிகள். இதன்மேல், ஒவ்வொரு பில்டுக்கும் ஓர் ஒர்க்ஸ்பேஸை உருவாக்கி அழிக்கும் தானியங்கி இயந்திரங்களும் சேர்ந்தால் அந்த அட்டவணை வீங்கிச் சிதறிப்போகும்.

இதற்காகவே ஒர்க்ஸ்பேஸ் வகை என்ற புலம் இருக்கிறது. ரீட்ஒன்லி வகையின் ஹேவ் பட்டியல் தனிக் கோப்பில் வைக்கப்படும். அதிலிருந்து சப்மிட் செய்ய முடியாது, பில்டுக்கு அது தேவையுமில்லை. பார்ட்டிஷன்ட் வகையும் தனிக் கோப்பில்தான்; ஆனால் அதிலிருந்து சப்மிட் செய்யலாம். இரண்டுக்கும் சேவையகத்தில் அந்தக் கோப்புகள் இருக்க வேண்டிய கோப்புறையை நிர்வாகி முன்னரே அமைத்திருக்க வேண்டும். ஒருமுறை இறக்கி, பில்டு செய்து, தூக்கி எறியும் இயந்திரமென்றால், சிங்க்கில் பி (பி4 என்பதில் வரும் அதே எழுத்து) தெரிவைச் சேர்த்துவிட்டால் ஹேவ் பட்டியலே எழுதப்படாது. பெரிய சிங்க்குகளை ஒரே நேரத்தில் ஓடும் இணை இழைகளாகப் பிரிக்க முடியும்; ஆனால் சேவையகத்தில் நெட்.பேரலல்.மேக்ஸ் என்ற அமைப்பு இயல்பாக 0 என்று இருப்பதால், அதை உயர்த்தும்வரை எத்தனை இழைகள் கேட்டாலும் பயனில்லை.

பணியிலிருந்து விலகியவரின் ஒர்க்ஸ்பேஸ் ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. என்ன செய்வது?

‘பி4 ஓப்பண்ட்’ கட்டளையை ஏ தெரிவுடன் கொடுத்தால் யார், எந்த ஒர்க்ஸ்பேஸில் திறந்து வைத்திருக்கிறார் என்று தெரியும். நிர்வாகி, ‘பி4 ரிவர்ட்’ கட்டளையில் பெரிய சி தெரிவுடன் அந்த ஒர்க்ஸ்பேஸின் பெயரைக் கொடுத்து விடுவிக்கலாம். இது சேவையகத்தின் பதிவில் மட்டுமே நடக்கும். விலகியவரின் கணினியில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். ஆகவே அந்தக் கணினியைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கும் முன்னால், சப்மிட் செய்யாத வேலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இருந்த ஓரிடத்தில் கணினியை முதலில் துடைத்துவிட்டு, பிறகு பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு கதாபாத்திரத்தின் மூன்று வார அசைவூட்டம் அதோடு போயிற்று. விலகும் நாளின் சரிபார்ப்புப் பட்டியலில் ஷெல்வ் செய்வதையும் (சப்மிட் செய்யாத வேலையைச் சேவையகத்தில் எடுத்து வைப்பது) ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

பழைய ஒர்க்ஸ்பேஸ்களை அழிக்க வேண்டுமா? எப்படி?

வேண்டும். அட்டவணையின் அளவு ஒரு காரணம். உரிமம் இல்லாத இலவசப் பயன்பாட்டில் 5 பயனர்கள், 20 ஒர்க்ஸ்பேஸ்கள் என்ற வரம்பு இருப்பது சிறு குழுக்களுக்கு இன்னொரு காரணம். படிவத்தில் உள்ள ஆக்சஸ் தேதி, அது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று காட்டும்.

அழிக்கும் வரிசை முக்கியம். முதலில் திறந்துள்ளவற்றைச் சப்மிட் செய்யுங்கள் அல்லது ரிவர்ட் செய்யுங்கள். ஷெல்வ் செய்தவற்றை நீக்குங்கள். பிறகு ‘பி4 சிங்க்’ கட்டளையில் பாதையின் இறுதியில் எண்குறியும் ‘நன்’ என்ற சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். கோப்புகள் வட்டிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் ஒருங்கே நீங்கும். அதன்பின் ‘பி4 கிளையன்ட்’ கட்டளையில் டி தெரிவைக் கொடுத்து ஒர்க்ஸ்பேஸை அழியுங்கள். மாதிரியிலிருந்து நகலெடுக்கும் டி வேறு, டெலீட் என்ற சொல்லின் முதலெழுத்தான இந்த டி வேறு என்பதைக் கவனியுங்கள். சிங்க் செய்யாமல் நேரடியாக அழித்தால் பதிவேடு மட்டும் போகும். எந்த ஒர்க்ஸ்பேஸுக்கும் சொந்தமில்லாத கோப்புகள் வட்டில் அநாதையாகக் கிடக்கும். மீண்டும் தேவைப்படலாம் என்று தோன்றினால், நிர்வாகி ‘பி4 அன்லோட்’ மூலம் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பின்னர் ‘பி4 ரீலோட்’ மூலம் திருப்பலாம்.

தவறான ஒர்க்ஸ்பேஸை அழித்துவிட்டேன். கோப்புகள் வட்டில் அப்படியே உள்ளன. சப்மிட் செய்யாத மாற்றங்களும் அதில் உண்டு. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் அதே பெயர், அதே ரூட், அதே வியூவுடன் ஒர்க்ஸ்பேஸை மீண்டும் உருவாக்குங்கள். சேவையகத்தில் படிவங்களின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் ஸ்பெக் டிப்போ அமைக்கப்பட்டிருந்தால் பழைய படிவத்தை நிர்வாகி அதிலிருந்து எடுத்துத் தருவார். அடுத்து கே தெரிவுடன் சிங்க் கொடுத்துப் பதிவேட்டை நிரப்பி, பிறகு ரெக்கன்சைல் கொடுத்தால், உங்கள் மாற்றங்கள் எடிட்டாகத் திறக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கே தெரிவுடன் சிங்க் கொடுக்கும்போது எந்தச் சேஞ்ச்லிஸ்ட் (ஒரே சப்மிட்டில் சென்ற மாற்றங்களின் எண்ணிட்ட தொகுப்பு) என்று சொல்லாவிட்டால், பதிவேடு இன்றைய தலைத்திருத்தத்துக்கு, அதாவது டிப்போவின் கடைசித் திருத்தத்துக்கு நிரப்பப்படும். ஆனால் உங்கள் வட்டில் இருப்பதோ நீங்கள் கடைசியாகச் சிங்க் செய்த நாளின் கோப்புகள். இடையில் மற்றவர்கள் மாற்றிய ஒவ்வொரு கோப்பும், நீங்கள் பழைய நிலைக்குத் திருத்தியது போல ரெக்கன்சைலுக்குத் தோன்றும். அப்படியே சப்மிட் செய்தால் அவர்களின் ஒரு வார வேலையை உங்கள் பெயரில் அழித்திருப்பீர்கள். ஆகவே கடைசியாகச் சிங்க் செய்த சேஞ்ச்லிஸ்ட் எண்ணை, பாதைக்குப் பின் ‘அட்’ குறியிட்டுக் கொடுங்கள்.

எண் நினைவில்லை என்றால் குறுக்குவழி தேடாதீர்கள். பழைய கோப்புறையின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, காலியான ரூட்டில் புதிதாகச் சிங்க் செய்யுங்கள். பிறகு இரண்டு கோப்புறைகளையும் ஒப்பீட்டுக் கருவியில் திறந்து, உங்களுடைய மாற்றங்கள் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாக ‘பி4 எடிட்’ கொடுத்து எடுத்து வையுங்கள். அரை நாள் ஆகும். பழைய கோப்புறையை, கடைசி மாற்றம் சப்மிட் ஆகி பில்டு தேறும்வரை வைத்திருங்கள்.